பேசும் பெட்டிகளும் பாம்பன் சிறுமியரும்

பாம்பன் தென்கடலில் பாசி எடுக்கச் செல்லும் பெண்கள் விடியுமுன்னரே எழுந்து, சோறும் குழம்பும் ஆக்கி, தூக்குச்சட்டியில் கொஞ்சம் அடைத்துக்கொண்டு படகேறுகின்றனர். விரல்களில் துணிச்சுற்று, கண்களுக்குக் கண்ணாடி, இடுப்பில் சாக்குப்பை. மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் பறித்துக்கொண்டு அவர்கள் கரைசேர்வதற்குள் நண்பகல் கடந்துவிடுகிறது. அதுவரையில் வீட்டை ஆள்கிறவள் பத்து அல்லது பன்னிரண்டு வயதுச் சிறுமி. 2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றினால் பள்ளிகள் அடைக்கப்பட்டுப் பாடங்கள் தொலைக்காட்சிக்கு வந்த நாள்களில், அத்தகைய வீடொன்றின் வாசலில் நாம் நின்றோம். பின்னங்களைக் கூட்டும் முறையைப் பெட்டிக்குள்ளிருந்து ஓர் ஆசிரியை விளக்கிக்கொண்டிருந்தார். சிறுமி அடுப்படியில் இருந்தாள். பெட்டியின் முன் அவளுடைய தம்பி மட்டும் வாயில் விரலை வைத்தபடி அமர்ந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு வயது மூன்று.

வாசகர்களின் இரக்கத்தைத் தூண்டுவதற்காக இக்காட்சியை இங்கே எழுதவில்லை. திறனாய்வு என்றவுடன் கவிதை, புதினம், நாடகம் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். ஒளிபரப்பப்படும் பாடமும் ஒரு படைப்பே. அதற்கு ஆசிரியர் உண்டு; நடை உண்டு; தன்னைக் கேட்பவர் யார் என்ற கணிப்பும் உண்டு. எந்தப் புதினத்திற்கும் வாய்க்காத அளவு பெரிய கூட்டம் அதற்கு வாய்த்தது. இருந்தும், அப்பாடத்தை ஒரு படைப்பாகக் கொண்டு நிறைகுறை கண்ட மதிப்புரை எதையும் நம் இலக்கிய இதழ்களில் நாம் கண்டதில்லை. நூலைப் படிப்பவன் யார் என்று கேட்கத் தெரிந்த நாம், பாடத்தைக் கேட்பவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்க மறந்துவிட்டோம்.

நன்றி கூறவேண்டியதை முதலில் கூறிவிடுவோம். தமிழகத்தில் 2018-இல் வெளிவரத் தொடங்கிய புதிய பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடு அச்சிடப்பட்டது. (பிள்ளைகள் இதனைக் கியூஆர் கோடு என்றே சொல்கின்றனர், தமிழ்ப்பெயரைச் சொன்னால் நம்மை வியப்போடு பார்க்கின்றனர்.) கைப்பேசியை அதன்மேல் காட்டினால் பாடம் படமாக விரியும். 2019 ஆகஸ்டு 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே பெருந்தொற்று வரும் என்பதை அறியாமல் செய்யப்பட்ட ஏற்பாடுகள் இவை, வந்தபோது கைகொடுத்தன. இணையம் எட்டாத வீடுகளுக்கும் பாடம் சென்றது. தம் வீட்டுச் சுவரையே கரும்பலகையாக்கி, கைப்பேசியைச் செங்கல்மேல் சாய்த்துவைத்துப் பாடம் பதிவுசெய்து அனுப்பிய ஆசிரியர்களை நாம் அறிவோம். அவர்களுடைய உழைப்பைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று.

எனினும் காலக்கணக்கைப் பார்க்கவேண்டும். 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஐந்தாம் வகுப்பின் இறுதியில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட சிறுமி, மீண்டும் பலகையில் அமர்ந்தபோது ஏழாம் வகுப்பில் இருந்தாள். ஆறாம் வகுப்பு முழுவதையும் அவள் பெட்டியிடம் கற்றிருக்கவேண்டும் என்பது ஏட்டுக்கணக்கு.

இனி அந்தப் பாடத்தின் வடிவத்திற்குள் நுழைவோம். அன்று நாம் வாசலில் நின்று பார்த்தது எந்த அலைவரிசை என்பது இங்கு முக்கியமில்லை. பேசப்படுவது தொலைக்காட்சிப் பாடம் என்னும் வகைமை. ஆசிரியை இரு பின்னங்களை எழுதி, “கூட்டினால் என்ன வரும்? சொல்லுங்கள் பார்ப்போம்” என்றார். இரண்டு நொடி அமைதி. பிறகு முகம் மலர, “மிகச் சரியாகச் சொன்னீர்கள்!” என்றார். அடுப்படியிலிருந்து எந்த ஒலியும் எழவில்லை. தம்பியும் வாயிலிருந்து விரலை எடுக்கவில்லை. ஆயினும் விடை சொல்லப்பட்டதாகவும், அது சரியாக இருந்ததாகவும் பாடம் முடிவுகட்டி நடந்தது. இது சிறு செய்தி போலத் தோன்றலாம். ஆனால் இவ்வகைமையின் உயிர்க்குறை இந்த இரண்டு நொடியில் இருக்கிறது. விடை தெரியாதவளுக்கு, தெரியவில்லை என்று சொல்லும் வாய்ப்பை அது எடுத்துவிடுகிறது. பள்ளியில் விழித்துக்கொண்டு நிற்பவளைப் பார்த்து ஆசிரியை எரிச்சலாவது படுவார். அந்த எரிச்சலும் ஒருவகைக் கவனிப்பே. பெட்டியின் பாராட்டு யாரையும் பாராதது.

நம் கூத்துமரபு இதைவிட நுட்பமானது. கட்டியங்காரன் பேசும்போது முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதால் அவ்வழுகையையும் தன் பேச்சில் சேர்த்துக்கொள்வான். பின்வரிசை உறங்கினால் குரலை உயர்த்துவான். பாடம் எழுதுவோர், பெட்டிக்கு முன் ஒரு தனியறை, ஒரு நாற்காலி, ஒரு குறிப்பேடு, அரைமணி நேர அமைதி ஆகியவை இருப்பதாக எண்ணிக்கொண்டே எழுதுகின்றனர். அந்த அறையும் நாற்காலியும் உள்ள வீட்டுப்பிள்ளைக்குப் பாடம் முழுமையாகச் சென்று சேர்கிறது. ஒரே கூடத்தில் வலை ஒருபுறமும் பாட்டியின் கட்டில் ஒருபுறமும் கிடக்கும் வீட்டுப்பிள்ளைக்குச் சிதறல்களாகவே சேர்கிறது. இருவருக்கும் ஒரே பாடம் என்று நாம் மகிழ்கிறோம்.

கைப்பேசியின் கதை வேறு. தேசியக் குடும்பநல ஆய்வு ஐந்தாவது சுற்றாக 2019-21-இல் நடத்தப்பட்டபோது, இந்தியாவில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆண்கள் நூற்றுக்கு 57 பேர். பெண்களோ 33 பேர். படிப்பில் முன்னேறிய மாநிலம் என்று நாம் பெருமைகொள்ளும் தமிழ்நாட்டிலும் அந்த எண்ணிக்கை பெண்களில் பாதியை எட்டவில்லை. கடற்கரையில் இக்கணக்கிற்கு ஒரு கூடுதல் விளக்கம் இருக்கிறது. வீட்டில் ஒரு கைப்பேசிதான் என்றால் அது கடலுக்குப் போய்விடுகிறது. வடகடலில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாளும் நாட்டுப்படகுகள் மற்ற நாள்களிலும் தொழிலுக்குச் செல்வது நெடுநாள் ஏற்பாடு. காலையில் புறப்படும் விசைப்படகு மறுநாள் காலையில்தான் திரும்புகிறது. காற்றையும் எல்லையையும் பார்க்கத் தந்தைக்கு அக்கருவி வேண்டும். அது உயிர்காக்கும் கருவி. அதனைக் குறைசொல்ல இயலாது. கரை திரும்பினால் அண்ணன் கைக்குச் செல்கிறது. அவன் வைத்த பிறகு, இரவு ஒன்பது மணிக்கு மேல், நூற்றுக்குப் பத்து மின்னேற்றம் மிச்சமிருக்கையில் தங்கைக்குக் கிடைக்கிறது. அப்போதும் ஓர் அத்தையோ பெரியம்மாவோ, “பொட்டப்புள்ளைக்கு இந்நேரத்துல போன் எதுக்கு?” என்று கேட்காமல் இருப்பதில்லை. பாடநூலில் அச்சிட்ட குறியீடு இந்தக் கேள்விக்கெல்லாம் விடைவைத்திருக்கவில்லை. வீட்டுக்கு ஒரு கருவி கொடுத்தால் வீட்டிலுள்ள எல்லாருக்கும் கொடுத்ததாகும் என்ற எண்ணத்தின்மேல் எழுப்பப்பட்ட திட்டங்கள் அனைத்தும் இங்கே வந்து தடுக்கி விழுகின்றன.

பிறரைக் குறைகூறிவிட்டு நம்மை விட்டுவிடுவது முறையாகாது. நாம் பணிபுரியும் கடலோரப் பங்கில், வெளிநாட்டில் வேலைபார்க்கும் நம் ஊர் மகன் ஒருவர் அன்போடு ஆறு கணினிகளை அளித்தார். பங்கு மன்றத்தின் பக்கவறையில் அவற்றை வைத்தோம். பாடங்களை முன்னரே அவற்றில் நிரப்பிவைத்தோம். மாலை ஆறு முதல் எட்டு வரை நம் கையாலேயே கதவைத் திறந்தோம். அறையில் கூட்டம் நிறைந்தது. நமக்கும் மனம் நிறைந்தது. மூன்று மாதம் கழித்து வருகைக் குறிப்பேட்டைப் புரட்டியபோது, பெண்பிள்ளைகளின் பெயர்கள் ஒரு பக்கத்திற்கு ஒன்றிரண்டுகூட இல்லை. அவர்களுக்கு ஆர்வமில்லை என்று முடிவுசெய்தோம். அம்முடிவை ஞாயிறு திருப்பலிக்குப் பின் தாய்மாரிடம் சற்று வருத்தத்தோடே கூறினோம். பாசி எடுக்கும் தாய் ஒருவர், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: “சாமி, பொட்டிக எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்க புள்ளைகளுக்கு ஒழியிற நேரத்துல நீங்க பூட்டு போட்டுர்றீங்க. நீங்க தொறக்குற நேரத்துல அதுகளுக்கு அடுப்பு கெடக்கு. அதோட, மன்றத்துத் திண்ணையில உக்காந்திருக்கிற பயலுகளத் தாண்டி எப்புடிச் சாமி உள்ள வரும்?”

ஏழு ஆண்டு குருமடத்தில் நாம் மெய்யியலும் இறையியலும் பயின்றோம். மாலை ஆறு மணிக்குப் பெண்பிள்ளை எங்கே இருப்பாள் என்று யாரும் நமக்குத் தேர்வு வைக்கவில்லை, நாமும் படித்துக்கொள்ளவில்லை.

இது நம் பங்கிற்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதில் ஒரு சிறு ஆறுதல் உண்டு. 1999 ஜனவரி 26 அன்று சுகதா மித்ரா என்னும் அறிஞர் தில்லி கல்காஜியில் குடிசைப்பகுதியை ஒட்டிய சுவரில் துளையிட்டு ஒரு கணினியைப் பதித்தார். பிள்ளைகள் ஆசிரியரின்றித் தாமே கற்றுக்கொண்டதாக உலகெங்கும் வியந்து பேசப்பட்டது. பின்னர் அத்தகைய சுவர்க்கணினிகளைப் போய்ப்பார்த்து எழுதியவர்கள் வேறொன்றையும் குறித்தனர். வளர்ந்த பையன்கள் சூழ்ந்துகொள்ள, பெண்பிள்ளைகள் ஒதுங்கி நின்றனர். தெருச்சுவர் எல்லாருக்கும் பொது என்று யார் சொன்னது? தெரு யாருடையதோ சுவரும் அவர்களுடையதே.

இந்த இடத்தில் பாம்பனுக்கே உரிய ஒரு முயற்சியைப் பற்றி எழுதவேண்டும். 2016 ஆகஸ்டு 15 அன்று ‘கடல் ஓசை’ என்னும் சமுதாய வானொலி 90.4 பண்பலையில் இங்கிருந்து ஒலிக்கத் தொடங்கியது. வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகத்திலிருந்து நாட்டின் முதல் சமுதாய வானொலி ஒலித்தது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் வழங்க வழிபிறந்தது. அவ்வழியே மீனவர்களுக்கென வந்தது இந்நிலையம். காற்றின் வேகம், அலையின் உயரம், மீன்பிடிச் செய்திகள், கடல் காப்பு எனக் கரையின் கவலைகளைக் கரையின் பேச்சுவழக்கிலேயே சொல்வது அதன் இயல்பு. பேசுபவர்களும் மீனவக் குடும்பத்தவர்களே.

கல்விக் கருவி என்ற நோக்கில் இவ்வானொலியை எடைபோட்டால், தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் இல்லாத சில இயல்புகள் புலப்படுகின்றன. அது கையைக் கேட்பதில்லை; கண்ணையும் கேட்பதில்லை. மீன் அரிந்துகொண்டும், கருவாட்டைப் புரட்டிக்கொண்டும், தம்பியைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டும் கேட்கலாம். கடவுச்சொல் இல்லை. ஒருவர் கேட்டால் மற்றவருக்குக் குறைவதில்லை. பாட்டியும் கேட்பதால் பேத்தி கேட்பதைப் பற்றி ஐயம் எழுவதில்லை. இவையெல்லாவற்றையும்விடப் பெரிதாக நாம் கருதுவது மொழியை. நூல்மொழியில் தடுமாறும் சிறுமி, தன் அத்தை பேசுவதுபோல் ஒருவர் பெட்டிக்குள்ளிருந்து பேசக் கேட்கையில், பெட்டிக்குள் இருப்பவர்களும் தன்னைப் போன்றவர்களே என்று அறிகிறாள். அதன் பின்னரே தானும் பேசலாம் என்ற துணிவு வருகிறது.

ஆயினும் நேயர் என்ற உரிமையில் ஒன்றைச் சொல்லத் துணிகிறோம். ‘மீனவர்’ என்ற சொல்லைக் கேட்டதும் எழுதுவோர் மனத்திலும் பேசுவோர் மனத்திலும் எழுவது படகில் நின்று வலை இழுக்கும் ஆணின் உருவமே. இக்குறை இவ்வானொலிக்கு மட்டும் உரியதன்று. பாடநூலுக்கும் நம் மறையுரைக்கும் இந்த இதழுக்கும் பொதுவானது. பாசி எடுப்பவளின் காற்றுக்கணக்கு வேறு. நீரோட்டக் கணக்கு வேறு. மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று இக்கரைப் பெண்கள் தமக்குத் தாமே வரம்பு விதித்துக்கொண்டனர். பாசியைக் காப்பதற்காக அவர்கள் செய்துகொண்ட கட்டுப்பாடு அது. பாசி வளத்தையும் பெண்களின் உரிமையையும் காத்தமைக்காகச் சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது வழங்கியது. நிலவின் வளர்ச்சியும் தேய்வும், கடல் பெருகுவதும் வற்றுவதும், எந்தப் பாசி எந்தப் பாறையில் எப்போது வளரும் என்பதும் இவர்களுக்கு மனப்பாடம். அவற்றுள் அறிவியலும் கணக்கும் அடங்கியிருக்கின்றன. ஆனால் கணக்குப்பாடத்தில் அப்பம் வெட்டிப் பின்னம் கற்பிக்கிறோம். நான்கு பேர் சேர்ந்து எடுத்த பாசியை உலர்த்திய பின் எடைக்கேற்பப் பங்கு பிரிக்கும் தாயின் கணக்கு எந்தப் பெட்டிக்குள்ளும் இல்லை. பழந்தமிழ்ப் புலவர்கள் இவ்வகையில் நம்மைவிடக் கூர்ந்து பார்த்தவர்கள். நெய்தல் திணையில் மீனை வெயிலில் காயவைத்துப் புள் ஓப்பும் பெண் திரும்பத் திரும்ப வருகிறாள். அவள் வேலைசெய்பவளாக, ஊரும் குடியும் உடையவளாக, நறுக்கென்று மறுமொழி சொல்லத் தெரிந்தவளாக வருகிறாள். இருபது நூற்றாண்டுகளுக்குப் பின் நாம் எழுதும் பாடத்தில் அவளைக் காணோம்.

வானொலி வழிக் கல்வி என்றவுடன் குருக்களாகிய நாம் பெருமையோடு நினைவுகூரும் ஊர் ஒன்றுண்டு. தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் சுடாடென்சா என்னும் மலைச்சிற்றூருக்கு 1947-இல் வந்த இளங்குரு ஹோசே ஹோவாகின் சால்செதோ, கையால் அமைத்த சிறு ஒலிபரப்பியைக் கொண்டு, எழுத்தறியா உழவர்களுக்குப் பாடம் நடத்தத் தொடங்கினார். பின்னர் அது ‘ரேடியோ சுடாடென்சா’ என்று நாடு முழுவதும் பரவி, நாற்பதாண்டுகள் நிலைத்தது. அதன் வெற்றியை ஒலிபரப்பியின் வலிமையாகப் பேசுவோர் உண்டு. நம் பார்வையில் வெற்றியின் ஊற்று வேறிடத்தில் இருந்தது. குரல் வானத்தில் வந்தாலும், ஒவ்வொரு பெட்டியின் அருகிலும் ஓரளவு எழுதப்படிக்கத் தெரிந்த ஊரார் ஒருவர் அமர்ந்திருந்தார். சுண்ணக்கட்டியைப் பிடித்த பிறரின் கையைப் பிடித்து எழுதவைத்தவர் அவரே. மேலும், கற்றவர்கள் நிலையத்திற்குக் கடிதம் எழுதினார்கள். அக்கடிதங்கள் பல இன்றும் காக்கப்பட்டுள்ளன. மேலிருந்து கீழே பேசிய குரல் அது என்ற குற்றச்சாட்டும் பிற்காலத்தில் எழுந்தது. பாவுலோ பிரெயிரே என்னும் பிரேசில் கல்வியாளரின் சிந்தனையில் ஊறியவர்கள் அவ்வாறு கூறியதில் நியாயம் இல்லாமலில்லை; உழவனுக்கு எது நல்லது என்று நிலையம் முடிவுசெய்தது. ஆனாலும் கடிதம் திரும்பி வருவதற்கு அங்கே ஒரு வழி இருந்தது. நம்மிலும் ஒரு தலைமுறை, சிற்றலையில் ரேடியோ வேரித்தாஸ் ஆசியாவின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டு, அஞ்சலட்டையில் எழுதி, தன் பெயர் வாசிக்கப்படுமா என்று பெட்டியருகில் காதைவைத்துக் காத்திருந்தது. 2018-இல் அந்தச் சிற்றலை ஒலிபரப்பு நின்று இணையத்திற்கு மாறியது. பெயர் வாசிக்கப்பட்ட நாளில் ஒருவர் அடைந்த மகிழ்ச்சியை அறிந்தவர்களுக்கு, “மிகச் சரியாகச் சொன்னீர்கள்” என்பதன் வெறுமை எளிதில் விளங்கும்.

பெட்டியருகில் ஓர் ஆள் என்னும் அந்த ஏற்பாட்டின் பயனை நம் நாட்டிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். 2021 அக்டோபர் 27 அன்று தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்களே தன்னார்வலர்கள். ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர். மாலையில் ஒரு மணி நேரம் அல்லது ஒன்றரை மணி நேரம், திண்ணையிலோ கோவில் முற்றத்திலோ இருபது பிள்ளைகளை உட்காரவைத்து அடிப்படையைச் சொல்லிக்கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரீசியோ ரொமேரோ ஆகியோர் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்து, பள்ளி மூடலால் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்திற்குள் மீட்கப்பட்டது என்று கண்டனர். அம்மீட்சியில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் விளைந்தது. பத்தொன்பது மாதம் பெட்டிகள் பேசியும் மூடமுடியாத பள்ளத்தை, ஊர்ப்பெண்கள் திண்ணையில் அமர்ந்து இந்த அளவு தூர்த்தனர்.

அப்படியானால் கருவியே வேண்டாம் என்பது நம் கட்சியா? இல்லை. அதே முரளிதரனும் சிங்கும் அலெஹாந்த்ரோ கனிமியான் என்பவரோடு சேர்ந்து 2019-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு தில்லியில் நடந்தது. பள்ளி முடிந்தபின் மையங்களில் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற கணினிப் பாடத்தைப் பயின்ற பிள்ளைகள், நான்கரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் பிறரைக் காட்டிலும் தெளிவாக முன்னேறினர். இக்கணினிப் பாடம், “நீ எந்த வகுப்பு?” என்பதோடு நில்லாமல், “உனக்கு எது வரை தெரியும்?” என்று ஆராய்ந்து, தவறைப் பார்த்து, அடுத்த வினாவை அதற்கேற்ப அமைத்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு நான்காம் வகுப்புக் கணக்கு வேண்டுமென்றால் வெட்கப்படுத்தாமல் அதைக் கொடுத்தது. கருவி ஓரளவேனும் கேட்கத் தொடங்கினால் பயன் இவ்வளவு. அதிலும், கருவி இருந்தது வீட்டில் அல்ல, மையத்தில் என்பதையும், அருகில் ஒரு துணையாசிரியர் இருந்தார் என்பதையும் வாசகர்கள் கவனிக்கவேண்டும். 2023-இல் யுனெஸ்கோ தன் உலகக் கல்வி அறிக்கையைத் தொழில்நுட்பத்திற்கே ஒதுக்கியபோது, இது யாருடைய நிபந்தனையின்படி இயங்கும் கருவி என்ற வினாவையே தலைப்பில் வைத்தது. பாசி எடுக்கும் தாய் மன்றத்து வாசலில் கேட்டதும் அதுவே. அவர் அறிக்கை வெளியிடவில்லை.

கல்விக்கருவி என்றால் மின்சாரத்தில் ஓடுவது என்று எண்ணுவதும் ஒரு குறுகல்தான். 1990-களின் தொடக்கத்தில், அண்டை மாவட்டமான புதுக்கோட்டையில், அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் சேர்த்துக்கொண்டது. பெண்கள் பல்லாயிரக்கணக்கில் ஓட்டக் கற்றனர். பெண்களுக்கான வண்டிகள் கடைகளில் கிடைக்காதபோது, குறுக்குக்கம்பி வைத்த ஆண்கள் வண்டியையே ஏறி மிதித்தனர். அறிவொளி வகுப்பிற்கு யாரையும் கேளாமல் தானே போய்வர முடிந்தது. 2022 செப்டம்பர் 5 முதல் ‘புதுமைப் பெண்’ திட்டத்தில், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்ணின் சொந்த வங்கிக்கணக்கில் மாதம் 1,000 ரூபாய் சேர்கிறது. மிதிவண்டியும் வங்கிக்கணக்கும் பாடம் சொல்வதில்லை. ஆனால் அவை அவளுடையவை. அண்ணன் வைத்த பிறகு கிடைப்பவை அல்ல.

நம் பக்கவறைக்குத் திரும்புவோம். அந்தத் தாயின் சொல்லுக்குப்பின் திறவுகோலை நாம் வைத்துக்கொள்வதை நிறுத்தினோம். அது நமக்குச் சற்றுக் கடினமாகவே இருந்தது. விலையுயர்ந்த பொருள் என்று நூறு காரணம் மனத்தில் எழுந்தது. ஊரிலேயே கல்லூரிக்குச் செல்லும் பெண் ஒருவர் பொறுப்பேற்றார். திண்ணையிலிருந்த இளைஞர்களைப் பந்தாட்டத்திடலுக்கு அனுப்பினோம்; முணுமுணுத்துக்கொண்டே சென்றனர். தம்பி தங்கைகளைத் தூக்கிக்கொண்டு வரலாம் என்று சொன்னோம்; அறையில் ஒரு தொட்டில்கயிறு தொங்கலாயிற்று. பாடங்களை நிரப்பிவைத்த கணினியில் அப்பிள்ளைகள் முதலில் திறந்தது பாடத்தை அன்று. ஒலிப்பதிவு செய்யும் வசதியைக் கண்டுபிடித்துக்கொண்டனர். ஒருத்தி தன் பாட்டியை அழைத்துவந்து, பாசிகளின் பெயர்களையும் அவை வளரும் இடங்களையும் சொல்லச்சொல்லிப் பதிவுசெய்தாள். பிறகு அதைக் கேட்டுக்கேட்டு எழுதினாள். எழுத்துப்பிழைகள் இருந்தன. பாட்டிக்கு அருகில் அமர்ந்து, “இது ரகரமா றகரமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டிக்கு எழுத்தே தெரியாது. ஆனாலும் இருவரும் அதைப் பற்றி நெடுநேரம் வழக்காடினர்.

பின்னங்கள் என்னவாயின என்று கேட்கும் வாசகர்களுக்கு: மெதுவாகவே வருகின்றன. ஏழாம் வகுப்புச் சிறுமியர் மூவர் நான்காம் வகுப்புக் கணக்கிலிருந்து தொடங்கியிருக்கின்றனர். பொறுப்பிலுள்ள பெண் பாடத்தை நடுவில் நிறுத்தி, ஒவ்வொருத்தியாகக் கேட்கிறார். ‘தெரியல’ என்ற விடை அங்கே அடிக்கடி கேட்கிறது. அவர்கள் தேர்வில் எவ்வளவு மதிப்பெண் எடுப்பார்கள் என்று நம்மால் இப்போது சொல்ல இயலாது.

அறை திறக்கும் நேரத்தை அப்பிள்ளைகளே கரும்பலகையில் எழுதிவைக்கின்றனர். தாய்மார் கடலுக்குச் செல்லும் நாள்களில் பிற்பகல் மூன்று மணி; செல்லாத நாள்களில் காலை பத்து மணி. கடல் எப்போது வற்றும் என்பதைப் பார்த்து வாரந்தோறும் மாற்றி எழுதுகின்றனர். சென்ற வாரம் எழுதியிருந்த நேரம், நம் சனிக்கிழமை மறைக்கல்வி வகுப்பின்மேல் விழுந்தது. மறைக்கல்வியை நான்கரை மணிக்கு மாற்றிக்கொண்டோம்.